காகம், எண்ணிக்கை ஒன்று

பிப்ரவரி 3, திங்கள்

குறியீடு நூற்றுப் பன்னிரண்டு. பச்சை.

காலையில் கணினி இந்த எண்ணைத் துப்பியதும் இயக்குநர் சடகோபன் சார் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, "ரூபவதி, இன்னொரு தடவை ஓட்டுங்க" என்றார். ஓட்டினேன். மறுபடியும் நூற்றுப் பன்னிரண்டு. மனிதர் கைதட்டியே விட்டார். அவர் கைதட்டி இதுவரை நான் பார்த்ததில்லை.

பின்னால் என்றாவது இதைப் படித்தால் எனக்கே புரியவேண்டும் என்பதற்காக எழுதிவைக்கிறேன். உலக நாடுகளெல்லாம் கூடி, உயிரினங்களை அழியவிடமாட்டோம் என்று சில இலக்குகளுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கின்றன. கையெழுத்துப் போட்டால் போதுமா, எவ்வளவு தூரம் வந்தோம் என்று காட்ட வேண்டாமா? அதற்குத்தான் அளவுகோல்கள். காடு எவ்வளவு, பவளப்பாறை எவ்வளவு என்று போகிற வரிசையில் ஒன்று நீர்ப்பறவைக் குறியீடு. மாநிலத்தின் ஏரி, கண்மாய்களில் ஒவ்வொரு ஜனவரியிலும் தன்னார்வலர்கள் பறவைகளை எண்ணி, கைபேசிச் செயலியில் அனுப்புவார்கள். அத்தனையையும் சேர்த்து ஒற்றை எண்ணாக்குவது என் பிழைப்பு. தொடக்க ஆண்டு நூறு. அதற்கு மேலே போனால் பச்சை, கொஞ்சம் இறங்கினால் மஞ்சள், ரொம்ப இறங்கினால் சிவப்பு. கணக்குப் போடவே வழியில்லை என்றால் சாம்பல். மாத முடிவுக்குள் டெல்லிக்கு அனுப்பவேண்டும். அங்கிருந்து நாட்டின் அறிக்கையோடு கடல் தாண்டிப் போகும்.

சார் இன்னொன்றும் சொன்னார். என்னை நிரந்தரமாக்கும் கோப்பு அவர் மேசைக்கு வந்துவிட்டதாம். "அறிக்கை போன கையோட அதையும் போட்டுடலாம்." எனக்கு அதில் பெரிய எதிர்பார்ப்பெல்லாம் இல்லை. பன்னிரண்டு வருடம் ஒப்பந்தத்திலேயே ஓட்டியவளுக்கு இனிமேல் என்ன.

வரும் வழியில் மைசூர்பாகு வாங்கினேன். சும்மாதான்.

பிப்ரவரி 4, செவ்வாய்

தண்ணீர் லாரி வரவில்லை. அடுக்ககம் முழுக்க வாளிச் சத்தம். என் கணவர் தாமஸ் இரண்டு குடத்தோடு கீழே போய், ஒரு குடமும் ஒரு சண்டையுமாகத் திரும்பி வந்தார்.

பிப்ரவரி 6, வியாழன்

கணக்கில் சேராத வரிகளைத் தனியே ஒதுக்கி வைத்திருப்போம். மைனா, கிளி, புறா எல்லாம் அதில் கிடக்கும். நீர்ப்பறவை இல்லை என்றால் கணினி நிரல் தானாகவே தள்ளிவிடும். யாரோ ஒரு புண்ணியவான் "நாய், 2" என்றுகூட அனுப்பியிருக்கிறார். அறிக்கைக்கு முன்னால் இந்தக் குப்பையை ஒருமுறை கிளறுவது என் வழக்கம். அலுப்பாக இருந்தாலும் சிரிப்புக்குக் குறைவிருக்காது.

இன்று சிரிப்பு வரவில்லை. "காகம், எண்ணிக்கை ஒன்று." அவ்வளவுதான் பட்டியல். வேறு பறவையே கிடையாது. நீர்க்காகத்தைத்தான் தவறாக எழுதிவிட்டார்களோ என்று பார்த்தேன். இல்லை, வீட்டுக்காகமேதான். ஒரு கண்மாய் என்றால் விட்டுவிடலாம். தேடத் தேட இருபதுக்கும் மேல் வந்தது. எல்லாம் தெற்கே, வறண்ட மாவட்டங்களில். சிலவற்றில் இரண்டு வருடமாக ஒரே காகம்.

பறவையே இல்லாவிட்டால் அதைச் சொல்லச் செயலியில் தனிக் கட்டம் இருக்கிறது. 'நீர்ப்பறவை எதுவும் இல்லை' என்று ஒரு தட்டுத் தட்டினால் பூஜ்யமாக ஏறிவிடும். வடக்கு மாவட்டக்காரர்கள் தட்டுகிறார்கள். இவர்கள் ஏன் தட்டவில்லை? அதுவும் ஒற்றைக் காகம். எங்கள் வீட்டுக் கைப்பிடிச் சுவரில் ஒரு பருக்கை வைத்தால் பத்து வந்து நிற்கிறது. கண்மாய்க் கரையில் காலை முழுக்க நின்ற ஆளுக்கு ஒன்றுதான் தென்பட்டதாமா?

பிப்ரவரி 7, வெள்ளி

மதியச் சாப்பாட்டை அப்படியே மூடிவைத்துவிட்டு ஒரு சோதனை செய்தேன்.

எண்ணிக்கை வராத கண்மாய்க்கு நாங்கள் என்ன செய்வோம் என்றால், சுற்றுவட்டாரக் கண்மாய்களின் சராசரியை வைத்து இட்டு நிரப்புவோம். உலகம் முழுக்க உள்ள வழக்கம்தான். எண்ணுகிறவருக்குக் காய்ச்சல் வரலாம், வீட்டில் கல்யாணம் இருக்கலாம், அதற்காகக் கண்மாயில் பறவை இல்லை என்று சொல்லமுடியாதே. காகத்தை நிரல் தள்ளிவிட்டால் அந்த இடமும் காலிதான். காலி என்றால் சராசரி. ஆக, காகம் ஒன்று என்று வந்த கண்மாயிலெல்லாம் என் கணக்கில் நாரையும் வாத்தும் கூட்டம் கூட்டமாக நீந்திக்கொண்டிருக்கின்றன.

அந்தக் காகங்களையெல்லாம் பூஜ்யமாக்கி ஓட்டினேன். எழுபத்தெட்டு. சிவப்பு.

காகப் பட்டியல் முதன்முதலில் வந்தது நெடுவாகைக் கண்மாயிலிருந்து. அனுப்பியவர் டாக்டர் அம்பலவாணன், அந்த ஊர்ப் பல் மருத்துவர். கால் நூற்றாண்டாக எண்ணுகிறவர். நேரில் பார்த்ததில்லை, ஆனால் அவர் பட்டியல் என்றால் நான் சரிபார்க்கவே மாட்டேன், அவ்வளவு சுத்தமாக இருக்கும். போன் போட்டேன்.

"காக்கா இருந்துச்சு, போட்டேன்."

"ஒண்ணே ஒண்ணா டாக்டர்?"

"ஒண்ணுதான் இருந்துச்சு."

"தண்ணி இருக்கா கண்மாயில?"

"பேஷன்ட் காத்துக்கிட்டு இருக்காக மேடம். வச்சிர்றேன்."

வைத்துவிட்டார். மூடிவைத்த சாப்பாட்டை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

பிப்ரவரி 10, திங்கள்

சாரிடம் சொன்னேன். முழுவதும் கேட்டார். கத்துவார் என்று நினைத்துக்கொண்டு போனேன். கத்தியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

"காக்கா ஒண்ணுன்னா பூஜ்யம்னு அர்த்தம், அப்படின்னு அவங்க யாராவது சொன்னாங்களா?"

"இல்ல சார்."

"அப்போ அது உங்க ஊகம்."

"ஊகம்தான். ஆனா..."

"ஊகத்தை வெச்சு நாட்டோட அறிக்கையில நிறத்தை மாத்த முடியாதும்மா. போன அறிக்கையும் இதே முறையிலதான் போச்சு. இப்போ மாத்தினா அதுவும் தப்புன்னு ஆகும். உங்க முறை, உங்க பேரு. யோசிச்சீங்களா?"

யோசிக்காமல் இருப்பேனா. வெள்ளிக்கிழமையிலிருந்து வேறு என்ன செய்கிறேன்.

இரண்டு நாள் விடுப்பு கேட்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. "கோப்பு இந்த மாசம் முடியணும்" என்று மட்டும் சொன்னார். அறிக்கைக் கோப்பா, என் கோப்பா என்று நான் கேட்கவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

விடிந்ததும் ரயில் விட்டிறங்கி, பேருந்து பிடித்து நெடுவாகை. பேருந்தில் உட்கார்ந்திருந்தபோது ஒன்று உறைத்தது. பன்னிரண்டு வருடமாக இந்த மாநிலத்துப் பறவைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன், ஒரு கண்மாயின் கரையில்கூட நின்றதில்லை. கொக்குக்கும் நாரைக்கும் வித்தியாசம் கேட்டால் முழிப்பேன்.

மருத்துவமனை கடைத்தெருவில், மாடியில் இருக்கிறது. அம்பலவாணனுக்கு அறுபது வயதிருக்கும். ஒல்லி உடம்பு, நரைத்த மீசை. ஒரு அம்மாவின் வாயைத் திறக்கவைத்துக் குடைந்துகொண்டிருந்தார். நான் பெயரைச் சொன்னதும் கை நின்றுவிட்டது. அந்த அம்மா வாயைப் பிளந்தபடியே எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மெட்ராஸ்ல இருந்து இதுக்காகவா வந்தீக?"

"கண்மாயைப் பார்க்கணும் டாக்டர்."

அந்தப் பல்லை அடைத்து முடித்து, பஞ்சைக் கடிக்கச் சொல்லிவிட்டு, ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

கரை மேல் ஏறி நின்றேன். தண்ணீர் இல்லை. குறைவாக இருக்கிறது என்றில்லை, இல்லவே இல்லை. வெடித்துப்போன தரை, அதன்மேல் கருவேலம். நடுவில் பையன்கள் கிரிக்கெட் ஆடத் தேய்த்து வைத்த ஒரு பட்டை. என் அட்டவணையில் இந்த வருடம் இங்கே நாரை நாற்பது, வாத்து முந்நூற்றுச் சொச்சம். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த மனிதர் முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

வடபக்கம் கையைக் காட்டினார். நீளமாக ஒரு மதில் சுவர். அந்தப் பக்கம் லாரிகளின் தலை வரிசையாகத் தெரிந்தது.

"சரக்கு முனையம். வரத்துக்கால் மேலயே காம்பவுண்டு கட்டிப்புட்டாய்ங்க. மழை பேஞ்சா தண்ணி ரோட்டுல ஓடுது, கண்மாய்க்கு வர்றதில்ல. மனுக் குடுத்துக் குடுத்துக் கை ஓஞ்சு போச்சு."

"அப்புறம் ஏன் டாக்டர் 'பறவை எதுவும் இல்லை'ன்னு போடல? கட்டம் இருக்கே."

"போட்டா?"

"கணக்குல வரும்."

"கணக்குல வந்தா?" கோபம் அப்போதுதான் வெளியே வந்தது. "பறவைக் கண்மாய்ப் பட்டியல்ல இந்தக் கண்மாய் இருக்கு. அதுல இருக்கிற வரைக்கும் சுத்தி யாரும் செங்கல் வைக்க முடியாது. காம்பவுண்டு எல்லைக்கு வெளிய இருக்கு, தப்பிச்சுக்கிட்டாய்ங்க. இப்ப ரெண்டாவது கட்டம், கண்மாய்க்குள்ளயே வரணும்னு பார்க்குறாய்ங்க. மூணு வருசம் தொடர்ந்து பறவை இல்லைன்னா பட்டியல்ல இருந்து பேரை எடுத்துருவாக. பேரு போச்சுன்னா கண்மாயே போச்சு. நாந்தான் அதுக்குக் கொள்ளி வைக்கணுமா?"

முதல் வருடம் கண்மாய் வறண்டபோது மனம் கேட்காமல் எதையுமே அனுப்பவில்லையாம். ஆனால் எங்கள் இணையதளத்தில் அட்டவணை வந்தபோது நெடுவாகையில் நாரைகள் இருந்தன.

"நானே அசந்துட்டேன். பொட்டக் கண்மாயில நாப்பது நாரை! பெறகுதான் புரிஞ்சது, அனுப்பாட்டி நீங்களே ரொப்பிக்கிறீகன்னு. ஆனா அனுப்பாமயே இருந்தா எண்ணுற இடத்துல இருந்தே கண்மாயை எடுத்துருவீகள்ல? அதான் ஒரு காக்காயைப் போட்டேன். பொய் இல்ல பாருங்க, காக்கா நெசமாவே இருந்துச்சு. நம்ம குரூப்புல மத்த ஆளுகளுக்கும் சொல்லிக் குடுத்தேன்."

அதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. என் கணக்குமுறையை என்னைவிட நன்றாகப் படித்திருக்கிறார்.

பேருந்து நிலையம் வரை கொண்டுவந்து விட்டார். ஒரு தண்ணீர் பாட்டிலும் கடலைமிட்டாயும் வாங்கிக் கொடுத்தார். பேருந்து நகரும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே கூட நடந்தார்.

"பூஜ்யத்த மட்டும் போட்டுறாதீக மேடம். கும்பிட்டுக் கேட்டுக்கிறேன்."

பார்க்கிறேன் என்று சொன்னேன். அது வாக்குக் கொடுத்தது ஆகாது.

பிப்ரவரி 15, சனி

தாமஸ் எத்தனையோ தரம் கேட்டும் ஊரில் என்ன பார்த்தேன் என்று சொல்லவில்லை. மாவு அரைத்தேன். போர்வைகளைத் துவைத்தேன். பரணில் கிடந்த பழைய பாத்திரங்களைக்கூட இறக்கித் தேய்த்துவிட்டேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

கோயிலிலிருந்து திரும்பும்போது வழியிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தாமஸ் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். எதையும் ஆட்டக்கணக்காகத்தான் பார்ப்பார்.

"இரு. உங்க சாருக்குப் பச்சை வேணும். டாக்டருக்குக் கண்மாய் வேணும். உனக்கு வேலை நிரந்தரம் ஆகணும். நீ ஒண்ணுமே செய்யலைன்னா மூணும் கெடைக்குது. சரியா?"

"எனக்கு நிரந்தரம் ஒண்ணும் முக்கியமில்ல."

"சரி, ரெண்டு கெடைக்குது. யாருக்கு நஷ்டம்?"

"பறவைக்கு."

"அதுதான் அங்க இல்லையே ரூபா."

கோபத்தில் வீடுவரை அவருக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தேன். குழம்பிலும் உப்பு கூடிப்போய்விட்டது. அவர் வாயைத் திறக்காமல் சாப்பிட்டார், பாவம்.

பிப்ரவரி 19, புதன்

சார் கூப்பிட்டார். மேசையில் இரண்டு கோப்புகள். ஒன்று அறிக்கை, குறியீட்டுப் பக்கத்தின் அடியில் என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. இன்னொன்றில் என் பெயரும், கீழே அவர் கையெழுத்துக்கு இடமும்.

"போய்ப் பார்த்துட்டு வந்தீங்க போல."

"வந்தேன் சார். அது பூஜ்யம்தான். அவரே சொன்னார்."

"எழுதிக் குடுத்தாரா?"

"போடாதீங்கன்னு கெஞ்சினார்."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாருங்க, எண்ணினவரே வேணாங்கறாரு. நீங்க யாருக்காகப் போராடறீங்கன்னு எனக்குப் புரியல. திங்கட்கிழமை சொல்லுங்க."

கெட்ட மனிதர் இல்லை. எனக்குப் பிரசவமானபோது ஆறு மாதம் என் வேலையையும் சேர்த்துப் பார்த்தவர். அதனால்தான் எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது.

பிப்ரவரி 21, வெள்ளி

காலையில் அலுவலகத்துக்கு ஒரு போன். சரக்கு முனையத்துக்கு அறிக்கை தயாரிக்கும் ஆலோசகராம். இளம் குரல், பேச்செல்லாம் தேன்.

"மேடம், மார்ச் பன்னிரண்டு நெடுவாகையில ரெண்டாவது கட்டத்துக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் இருக்கு. உங்க பறவை டேபிள் எங்களுக்கு ரொம்ப சப்போர்ட்டா இருந்துச்சு. இந்த வருஷத்து நம்பரும் கெடைச்சா நல்லாருக்கும்."

"எங்க டேபிள் உங்களுக்கு எதுக்கு?"

"காம்பவுண்ட் கட்டினதுக்கு அப்புறமும் கண்மாயில பறவை குறையவே இல்லைன்னு உங்க டேபிள்தானே மேடம் காட்டுது? வரத்துக்கால் அடைஞ்சு போச்சு, தண்ணி இல்லைன்னு ஒரு பல் டாக்டர் மனு மேல மனுவா போட்டுட்டிருக்காரு. தண்ணி இல்லாமலா முந்நூறு வாத்து இருக்கு? அதைத்தான் எடுத்துச் சொல்லப்போறோம்."

இதுவரை அவர் கொடுத்த மனு எல்லாவற்றையும் அடித்துத் தள்ளியது நான் இட்டு நிரப்பிய வாத்துகள். கண்மாயைக் காப்பாற்றுவதாக நினைத்து அவர் ஒற்றைக் காகத்தை அனுப்பினார். நான் அதற்குப் பதிலாக வைத்த சராசரி அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

புதிய எண் இன்னும் தயாராகவில்லை என்று சொல்லிவிட்டு அம்பலவாணனைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப பூஜ்யம் போட்டாலும் அவன்தான் ஜெயிப்பான், போடாட்டியும் அவன்தான். அதானே?"

"போட்டா, சுவர் கட்டின வருஷத்திலிருந்து பறவை போச்சுன்னு கேட்க ஒரு வழி இருக்கு டாக்டர். போடலைன்னா எல்லாம் நல்லாயிருக்குன்னு நாமளே சொன்ன மாதிரி ஆகுது."

"போட்டா பட்டியல்ல இருந்து பேரு போகும்ல?"

"போகலாம்."

"போகலாமா? ஒங்களுக்கு அது ஒரு நம்பர் மேடம். நான் அந்தத் தண்ணியில நீச்சல் படிச்சவன்."

வைத்துவிட்டார்.

பிப்ரவரி 23, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. தலைவலி.

பிப்ரவரி 24, திங்கள்

போட்டுவிட்டேன்.

காகம் ஒன்று என்று வந்த அத்தனை கண்மாய்க்கும் பூஜ்யம், நெடுவாகைக்கு எதுவுமே வராத அந்த முதல் வருடத்தையும் சேர்த்து மூன்று வருடத்துக்கும். ஏன் போட்டேன், எப்படித் தெரியவந்தது, போன அறிக்கையின் எண் எவ்வளவு மாறும் என்று எல்லாவற்றையும் எழுதி, என் கையெழுத்தையும் போட்டு சாருக்கு அனுப்பினேன். திருத்திய அட்டவணையை வழக்கம்போல இணையதளத்திலும் ஏற்றிவிட்டேன். அதை ஏற்றும் பொறுப்பு என்னுடையது, யாரையும் கேட்கவேண்டியதில்லை. கேட்டால் நிறுத்துவார்கள் என்றும் தெரியும்.

அனுப்பும் பொத்தானை அழுத்துமுன் டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து, மறுபடியும் போனேன். கடைக்காரர், "என்னக்கா இன்னிக்கு, ஒண்ணு முடியறதுக்குள்ள இன்னொண்ணு?" என்று கேட்டார்.

நான் செய்தது சரி என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த மனிதர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தது கண்ணை விட்டுப் போகவில்லை.

பிப்ரவரி 25, செவ்வாய்

சார் கோபப்படவே இல்லை. "டெல்லிக்குப் பச்சையும் வேணாம், சிவப்பும் வேணாம். தரவில் ஐயம், கணக்கிட இயலவில்லைன்னு போட்டுடறேன்" என்றார். சாம்பல். மாநிலத்து நீர்ப்பறவைகள் எப்படி இருக்கின்றன என்பது யாருக்கும் தெரியாது என்று உலகத்துக்குச் சொல்லப் போகிறோம்.

"தெரியுமே சார். நமக்குத் தெரியுமே!" என் குரல் உயர்ந்துவிட்டது. வெளியே எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீங்க என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு ஏத்தியிருக்கலாம் ரூபவதி" என்றார். அதில்தான் அவருக்கு வருத்தம். எனக்கும் அதில் வருத்தம்தான்.

என் கோப்பு மேசையில் இல்லை.

பிப்ரவரி 28, வெள்ளி

அறிக்கை போய்விட்டது.

மார்ச் 4, செவ்வாய்

ஆறு மாத ஒப்பந்த நீட்டிப்பு. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். தாமஸிடம் சொன்னபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "முக்கியமில்லைன்னுதானே சொன்னே?" என்றார். அப்போதுதான் அழுதேன். இவ்வளவு நாள் அதை எவ்வளவு எதிர்பார்த்திருக்கிறேன் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

தெற்கு மாவட்டத் தன்னார்வலர்கள் குழுவிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். எடுப்பதற்கு முன்னால் ஒருவர் எழுதியிருந்தார்: "ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு எங்க கண்மாய்க்குச் சாவுச் சான்றிதழ் குடுத்துட்டீங்க. நன்றி." அம்பலவாணன் எதுவும் எழுதவில்லை. அதைவிட அவரும் ஏதாவது திட்டியிருக்கலாம்.

மார்ச் 7, வெள்ளி

அந்தத் தேன்குரல் மறுபடி போன் செய்தது. திருத்திய அட்டவணையைப் பார்த்துவிட்டார்களாம். "பரவால்ல மேடம், இதுவும் எங்களுக்கு யூஸ்தான். பறவையே இல்லாத எடத்துல திட்டத்தால என்ன பாதிப்பு வரப்போகுது?"

இதற்காகவாவது நான் அந்தக் கூட்டத்துக்குப் போகவேண்டும்.

மார்ச் 12, புதன்

கூட்டம் நெடுவாகையில் ஒரு கல்யாண மண்டபத்தில். மணவறை இருக்கும் மேடையில் அதிகாரிகள், ஓரமாகப் பேசியதை எழுதிக்கொள்ள ஒரு எழுத்தர். முந்தைய கல்யாணத்தின் தோரணம் இன்னும் அவிழ்க்கப்படவில்லை. விடுப்பு எடுத்து, பொதுமக்களில் ஒருத்தியாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அம்பலவாணன் இரண்டு வரிசை முன்னால் இருந்தார். உள்ளே வரும்போதே என்னைப் பார்த்துவிட்டார். பார்க்காதது போலப் போய் உட்கார்ந்தார்.

ஆலோசகர் நேரில் இன்னும் சின்னப் பையனாக இருந்தார். திரையில் என் அட்டவணையைக் காட்டினார். "அரசுத் தரவுப்படியே இந்தக் கண்மாயில் பறவைகள் இல்லை. ஆகவே திட்டத்தால் பாதிப்பும் இல்லை." பின்னாலிருந்து யாரோ கெட்டவார்த்தையில் திட்டினார்கள். அதிகாரி மேசையைத் தட்டினார்.

யார் பேசவேண்டும் என்றபோது கையைத் தூக்கினேன். மைக்கைக் கையில் வாங்கினேன்.

"என் பேரு ரூபவதி. இந்த அட்டவணையைப் போட்டது நான்தான். போன மாசம் வரைக்கும் இதே கண்மாயில முந்நூறு வாத்து இருக்குன்னு நான் போட்டிருந்தேன். அது இங்க எண்ணினது இல்ல. பக்கத்து ஊர்க் கண்மாய்களோட சராசரி."

சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

"அப்போ இவங்க அதைக் காட்டி, பறவை இருக்கு, அதனால தண்ணி இருக்குன்னு சொன்னாங்க. இன்னைக்குப் பறவை இல்ல, அதனால பாதிப்பில்லைன்னு சொல்றாங்க. ரெண்டும் என் அட்டவணைதான். ஆனா பறவை எந்த வருஷத்திலிருந்து இல்லைன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்கல. அந்தச் சுவர் எந்த வருஷம் கட்டினதுன்னும் கேட்கல."

அதிகாரி ஆலோசகரைப் பார்த்தார், அவர் தாளைப் புரட்டினார். அதிகாரி மறுபடி என்னிடம் திரும்பினார்.

"நீங்க நேர்ல எண்ணினவங்களாம்மா?"

"இல்ல சார். நான் கணக்குப் போடறவ."

"அப்போ இதை எப்படிப் பதிவு பண்றது? நேர்ல எண்ணினவங்க யாராவது இருக்கீங்களா இங்க?"

யாரும் எழுந்திருக்கவில்லை. நான் அம்பலவாணனின் முதுகைப் பார்க்கக்கூடாது என்று தோரணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை பேர் முன்னால் அந்த வார்த்தையை அவர் வாயால் சொல்லவைக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. எழுந்துவிட்டிருந்தார். மைக்குக்காகக் காத்திருக்கவில்லை.

"நாந்தான் எண்ணினேன். பல் டாக்டர் அம்பலவாணன். இருபத்தஞ்சு வருசமா எண்ணுறேன். அந்தச் சுவரு எழும்புறதுக்கு முந்தின தை மாசம் வரைக்கும் முந்நூத்துக்குக் கொறைஞ்சு எண்ணினதில்ல."

"இப்போ?"

பக்கத்திலிருந்தவர் அம்பலவாணனின் முழங்கையைத் தொட்டார். அவர் அதை விலக்கிவிட்டார்.

"பூஜ்யம். மூணு வருசமா பூஜ்யம். வரத்துக்கால அடைச்சதுல இருந்து பூஜ்யம்."

எழுத்தர் தலையை நிமிர்த்தாமலே கேட்டார். "சார், எண்ணால எழுதிக்கவா, எழுத்தால எழுதிக்கவா?"

அம்பலவாணன் திரும்பி என்னைப் பார்த்தார். அன்று கரைமேல் பார்த்த அதே கோபம்தான். ஆனால் இந்தமுறை அது என்மேல் இல்லை.

"ரெண்டாலயும் எழுதுய்யா," என்றார். "யாரும் அழிச்சு வேற ரொப்ப முடியாதபடிக்கு எழுது."